தட்டும் கை

ஜூடோ சட்டையை வெயிலில் காயப்போடக் கூடாது, ஐயா. துணி விறைத்துப்போய்க் கழுத்தை அறுக்கும். என் தங்கைக்கு அதெல்லாம் தெரியாது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் சட்டையைத் துவைத்தவனும் நான்தான், பயிற்சியில் அவள் தூக்கிப் போட்டுப் பழக உடம்பைக் கொடுத்தவனும் நான்தான். பதக்கம் அவள் கழுத்துக்கு, வீக்கம் என் முதுகுக்கு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

சாம்பியன் ஆன பிறகு, தொழில்முறைக் கூண்டுச் சண்டைக்குப் போகலாம் என்று சொன்னவனும் நான்தான். எம்.எம்.ஏ. என்பார்களே, அது. ஜூடோவில் எதிராளியின் முதுகு தரையில் பட எறிந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. கூண்டுக்குள் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். முதல் சண்டையில் என் தங்கை அழகாகத்தான் எறிந்தாள். எறிந்துவிட்டு, பழக்கதோஷம், நடுவரைப் பார்த்தாள். அதற்குள் அந்தப் பெண் எழுந்து முதுகில் ஏறிக் கழுத்தை வளைத்துவிட்டாள். இவள் உடனே அவள் கையில் தட்டினாள். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், பிடித்தவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். கூட்டம் சிரித்தது. மானம் போனது எனக்கு.

"இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"மூச்சு முட்டுச்சுண்ணே. முட்டுனா தட்டணும்னுதானே சின்ன வயசுலேர்ந்து சொல்லிக் குடுத்தாங்க?"

அந்தக் கையின் பழக்கத்தை மாற்றுவது என்று முடிவு செய்தேன். பயிற்சி முடிந்ததும் பின்னால் உட்கார்ந்து அவள் கழுத்தை முழங்கையில் பிடிப்பேன். அவள் தட்டுவாள். நான் விடமாட்டேன். கண் செருகியதும் விட்டு, கால்களைத் தூக்கிப் பிடிப்பேன். எழுந்துவிடுவாள். ஜூடோக்காரர்களுக்கு மயங்கி எழுவது பெரிய விஷயமில்லை. ஒருநாள் எழுந்தவள் அம்மாவின் பெயரை மறந்துவிட்டாள். அவள் சரியாகத் தூங்குவதில்லை, அதனால்தான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

"கழுத்தெல்லாம் ஏண்டா இப்படிக் கன்றிக் கெடக்கு?"

"பயிற்சிம்மா."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அன்று பயிற்சிக் கூடத்தில் தங்கை கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணே, நான் வேற கோச்சுகிட்ட போறேன். உன்மேல கோவமெல்லாம் இல்ல. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

சரி என்றேன். கடைசியாக ஒருதடவை பிடிக்கிறேன் என்றேன். அண்ணன் கேட்டால் மறுக்க மாட்டாள். உட்கார்ந்து முதுகைக் கொடுத்தாள்.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். கறிவேப்பிலை மாதிரித் தூக்கிப் போடுகிறாளே என்றுகூடத் தோன்றவில்லை. உண்மையில் எதுவுமே தோன்றவில்லை. எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அவள் முகம் அதில் நன்றாகத் தெரிந்தது. கண் செருகியதைப் பார்த்தேன். விட வேண்டிய நேரம் எனக்குத் தெரியும், ஐயா, என்னைவிட அதை அறிந்தவர்கள் குறைவு. நான் விடவில்லை. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு பிடித்திருந்தேன். கொன்றது நான்தான். அதில் சந்தேகம் வேண்டாம்.

அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். முதலில் என் கையில் பலமாகத் தட்டினாள், பிறகு மெதுவாக, பிறகு விரல் மட்டும், பிறகு அதுவும் நின்றது. ஒருவழியாகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.