செவ்வாய்க்கிழமை வருகிற மிஸ்ஸி

— அப்ப ஆட்டோ காசையாவது வாங்கிக்கங்க மிஸ்ஸி. அப்புத்தளையிலேருந்து இந்த மேட்டுக்கு ஒருத்தனும் சும்மா ஏறமாட்டான். பொய்யில்ல.

— யேசுரத்தினம் ஐயா, எத்தனை தரம் சொல்றது? ஆஸ்பத்திரி வாகனம் மாதா கோயிலடியில இறக்கி விடுது. அங்கயிருந்து நடந்துதான் வாறேன். நடக்கிறதுக்கு யாரு காசு கேட்டா?

— அந்தப் படி நூத்திப்பத்து மிஸ்ஸி. மழைக்குப் பாசி புடிச்சுக் கெடக்கு. எங்க தோட்டத்துத் தொரைகூட அந்தப் பக்கம் ஏறுனதில்ல. நீங்க என்னடான்னா பையையும் தூக்கிக்கிட்டு, சப்பாத்தக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு வர்றீங்க. நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.

— தூக்கம் வராதது அதுக்கா, இல்ல காசுக்கா?

— ரெண்டுக்குந்தான். கீழ் லயத்து வீட்டுல ஒருத்தன் சொல்றான், வீட்டுக்கு வர்ற நர்ஸுக்கு ஒரு தரத்துக்கு அஞ்சாயிரமாம். இப்ப ஒன்னும் கேக்காம, எல்லாம் முடிஞ்ச பொறகு மொத்தமா பில்லு அனுப்புவாங்களாம்.

— கொழும்புல தனியார்கிட்ட ஆள் எடுக்கிறவங்க கதையைக் கேட்டுட்டு வந்து உளறியிருக்கிறார். நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஆள். என்ட சம்பளம் அங்கயிருந்து வருது, உங்கட வீட்டம்மாட மருந்தும் அங்கயிருந்துதான். உங்களுக்குச் செலவு எதுல தெரியுமா? பேம்பர்ஸ்ல. இவங்களைப் பார்க்க நீங்க விடுற தோட்ட வேலையில. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா ஆட்டோவுல. அந்த ஓட்டத்தை நிப்பாட்டத்தான் நான் இங்க வாறேன்.

— கட்டில்ல கெடக்கறவ ஒரு வார்த்த சொல்லலாமா? அவருகிட்ட மல்லுக்கு நிக்காதீங்க மிஸ்ஸி. போன தரம் உங்களுக்குத் தெரியாம பையில முட்டை வச்சாரு.

— ஓ, கொரட்டியம்மாவுக்கும் அது தெரியுமா? பிரஷர் பாக்கிற மெசினைக் கழுவி ரெண்டு நாள் வெயில்ல காயப் போட்டேன்!

— நாட்டுக்கோழி முட்டை மிஸ்ஸி...

— நாட்டுக்கோழியா இருந்தா ஒடையாதா ஐயா? சரி, இந்தப் பக்கம் வாங்க, அம்மாவைத் திருப்புவோம். மெதுவா... மெதுவா. இங்க பாருங்க. மூணு மாசம் படுக்கையில கெடக்கிற ஆள்ட முதுகா இது? ஒரு புண்ணு இல்ல, ஒரு சிவப்பு இல்ல. எங்கட வார்ட்டுல இப்படி ஒரு முதுகைக் காண ஏலாது.

— ரெண்டு மணிக்கொருக்கா திருப்புன்னு நீங்கதானே சொன்னீங்க. ஃபேக்டரியில ராவு வேலை பாத்த ஒடம்பு. சங்கு ஊதுன மாதிரி முழிப்பு வந்துரும். பொய்யில்ல.

— தலையும் சீவி விடுறாரு மிஸ்ஸி. வகிடுதான் அப்புத்தளை ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவுது.

— ஏய், அசையாம இரு, அப்ப நேராப் போவும்!

— ஐயா, நீங்க போய்க் கொஞ்சம் தண்ணி சுட வச்சுக் கொண்டாங்க. அதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஒரு கதை பேசணும்.

— பொம்பளைங்க கதையா? சரி, சரி. பீலியில தண்ணி புடிச்சுக்கிட்டு வர்றேன்.

— இப்ப அவர் இல்ல. சொல்லுங்க. வலி பத்துல எத்தனை?

— மூணு.

— கட்டில் சட்டத்தை இப்படி இறுக்கிப் புடிச்சிட்டு மூணா?

— குளிரு மிஸ்ஸி.

— குளிருக்கு நெத்தி வேர்க்குமா?

— அப்ப நாலுன்னு எழுதிக்கங்க.

— இதென்ன, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடமா, பேரம் பேச?

— அங்க ஏது பேரம்? சாக்குக்கு, ஈரத்துக்குன்னு அவங்களே ரெண்டு கிலோ கழிச்சுப்புட்டுத்தான் எழுதுவாங்க.

— இங்க நீங்களே கழிச்சிட்டுச் சொல்றீங்க, என்ன? வலி கூடினா குடிக்கச் சொல்லி ஒரு போத்தல் வச்சேனே. போன கிழமை வெளியில பேனையால கோடு போட்டுட்டுப் போனேன். மருந்து அந்தக் கோட்டுலயே நிக்குது.

— வேணும்னு தோணல.

— அதைக் குடிச்சா பழகிரும், சாவு கிட்ட வரும்னு யாரும் சொன்னாங்களா?

— எங்க நாத்தனா சொன்னா. அவ பேச்ச நான் என்னைக்குக் கேட்டேன்?

— பின்ன ஏன்மா? டொக்டர் உங்கட வலியப் பார்க்கிறது என்ட வாயாலதான். நான் மூணுன்னு சொன்னா மூணுக்குத்தான் மருந்து எழுதுவார். மிச்ச வலியை நீங்கதான் தனியாத் தூக்கணும்.

— முப்பத்தெட்டு வருசம் கூடை தூக்குன தலை மிஸ்ஸி இது.

— தெரியும். வெறுங்கையோட ஏறவே எனக்கு மூச்சு வாங்குற மலையில நீங்க கூடையோட ஏறினீங்க. உங்கட நெஞ்சுரத்தைப் போல நான் எங்கயும் கண்டதில்ல. ஆனா அதைக் காட்டுற இடம் இது இல்லம்மா.

— எட்டுன்னு சொன்னா நீங்க எப்ப திரும்ப வருவீங்க?

— வெள்ளிக்கிழமை. மருந்தைக் கூட்டினா மூணு நாள்ல வந்து பார்க்கணும்.

— அதான். மொத கெழமையே தெரியாத்தனமா எட்டுன்னு சொல்லிப்புட்டேன். ஒரே வாரத்துல ரெண்டு தரம் வந்துட்டீங்க. அட்டையில ரெண்டு கட்டம் போச்சு.

— எந்த அட்டை?

— தலமாட்டுல இருக்கே, வந்தா தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிறீங்களே, அது. மொத்தம் பன்னெண்டு கட்டம். இன்னைக்கோட ஏழு நெறஞ்சிருச்சு. அஞ்சுதான் மிச்சம்.

— அல்லாவே! அம்மா, தாள்ல அவ்வளவு இடந்தான் இருந்துச்சு, அதனால பன்னெண்டு கட்டம் அடிச்சிருக்கிறாங்க. முடிஞ்சா இன்னொரு அட்டை போடுவேன். அதுவும் முடிஞ்சா இன்னொன்னு. எண்ணி எண்ணி வாற வேலையா இது? நீங்க இருக்கிற வரைக்கும் வருவேன்.

— புது அட்டைக்குக் காசு...

— கொரட்டியம்மா!

— சரி, கோவிக்காதீங்க. எட்டு.

— இரவுல?

— ஒம்பது. சில நாள் எண்ணவே முடியல.

— வாயைத் திறங்க. முதல்ல இதைக் குடிங்க. கசக்கும், முழுங்குங்க. ஆ, அப்படித்தான். டொக்டருக்குப் போன்ல கோல் எடுத்து இன்னைக்கே அளவைக் கூட்டச் சொல்றேன். வெள்ளிக்கிழமை நான் வாறேன், சனிக்கிழமை வரவேண்டியிருந்தா சனிக்கிழமையும் வாறேன்.

— கண்ணு ஏன் மிஸ்ஸி கலங்குது? பொகையா?

— பொகைதான். அஞ்சு கிழமையா ஒம்பதை மூணுன்னு சொல்லிட்டுப் பல்லைக் கடிச்சிட்டுக் கெடந்திருக்கிறீங்க. அந்த அஞ்சு கட்டத்தையும் எதுக்கு இப்படிக் காப்பாத்தினீங்க? கடைசி நேரத்துல நான் பக்கத்துல இருக்கணும்னா?

— எனக்கா? எனக்கு எதுக்கு மிஸ்ஸி? நான் போயிட்டா என் ஈ.பி.எஃப். சேமிப்புக் காசு அவருக்குத்தானே போவும், அந்த மாதிரி மிச்சக் கட்டமும் அவருக்குப் போவும்னு நெனச்சேன். மகன் ஜெசிந்தன் நத்தார் பண்டிகைக்குத்தான் வருவான், செவ்வாக்கிழமையானா மட்டுந்தான் அந்த மனுசன் விடியக்காலையில மொகம் வழிச்சு, தொவச்ச சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் நிக்கிறாரு.