ரூலோத்தேக் கம்பியைக் கொழுவினது ஆரெண்டோ கேக்கிறீர்?

இல்லைத் தம்பி, முதல்லை நீர் ஆரெண்டு சொல்லும். பெயரைக் கேக்கேல்லை. பெயர் சிவபாலன் எண்டு சொல்லிப்போட்டீர். உம்மை ஆர் அனுப்பினதெண்டு கேக்கிறன். முந்தநாள் சீசாவிலை, என்ரை வீட்டடியிலை, நான் பஸ் ஏறேக்கை எதிர்ப்பக்கம் நிண்டனீர். நேற்று ரெயில் ஸ்தாசியோனேயடியிலை ரெலிபோன் கடைக்குள்ளை நிண்டனீர். இண்டைக்குக் கபோச் சந்தையிலை, நான் வேலை வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு மீன் வாங்கிற கடை வாசல்லை வந்து நிக்கிறீர். பலெர்மோ சின்ன ஊர்தான். எண்டாலும் இவ்வளவு சின்னன் இல்லைக் கண்டீரோ.

வக்கீலோ? ஜெராரின்ரை வக்கீலோ? ம்ம். மொழிபெயர்க்க வந்தனீர். அதை முந்தநாளே கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லுறனெண்டால், போன மாசம் எங்கடை சிஞ்ஞோரா எமிலியானாவும் ஒரு தமிழாளைக் கொண்டு என்ரை வாயைக் கிண்டிப் பார்த்தவ. அவனும் உம்மைப்போலை நல்ல வடிவாத்தான் கதைச்சவன். உந்தப் பைக்குள்ளை ரேப் றெக்கோடர் ஒண்டும் இல்லையே? திறந்து காட்டும். சரி சரி, கோவிக்காதையும். உந்தப் பெட்டியிலை இரும், மீன்காரன் ஒண்டும் சொல்லான். எழுத மட்டும் வேண்டாம். எழுதினீரெண்டால் நான் எழும்பிப் போடுவன்.

ஓம், கம்பி. எல்லாரும் அதைத்தான் கேக்கினம். ரூலோத்தே தெரியும்தானே, காருக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போற வீடு. எங்கடை முதலாளி டொத்தோரே, சிஞ்ஞோராவின்ரை மனிசன், ஒவ்வொரு ஜூலையும் குடும்பத்தோடை கடற்கரைக்கு அதோடைதான் போறவர். சமையல், தோட்டம், நாய், இதுகளோடை சேத்து அதைக் காரிலை கொழுவி அனுப்பிறதும் என்ரை வேலை. அஞ்சு வருசம்.

எப்பிடியோ? காருக்குப் பின்னாலை ஒரு இரும்பு நீட்டிக்கொண்டு இருக்கும், முனையிலை உருண்டை. ரூலோத்தேயின்ரை மூக்கு வந்து அந்த உருண்டையைக் கவ்வும். கவ்வினது காணுமோ எண்டு தூக்கிப் பாக்கவேணும், ஆட்டிப் பாக்கவேணும். அதுக்குப் பிறகுதான் கம்பி. மெல்லிசு, உம்மடை சுண்டுவிரலிலும் மெல்லிசு. ஒரு முனை ரூலோத்தேயின்ரை கைபிரேக்கிலை. மற்ற முனையிலை கிளிப். ஓடேக்கை மூக்குக் கழண்டுபோச்செண்டால், கார் போகப் போகக் கம்பி இழுபட்டு, பிரேக் தானா விழும். ரூலோத்தே நிண்டிடும். கம்பி பேந்து அறுந்தாலும் பரவாயில்லை, வேலையை முடிச்சுப்போட்டுத்தான் அது அறும்.

அதை எங்கை கொழுவிறது எண்டதிலைதான் ஆக்கள் பிழை விடுறது. உருண்டையின்ரை கழுத்திலை சும்மா மாலைமாதிரிப் போட்டால், மூக்குத் துள்ளேக்கை மாலையும் துள்ளிக் கழண்டிடும். இரும்பின்ரை பக்கத்திலை அதுக்கெண்டு ஒரு ஓட்டை இருக்குது. கிளிப்பை அதுக்குள்ளை போட்டுப் பூட்டவேணும். தொய்வும் பாக்கவேணும். இறுக்கினால் வளைவிலை பிரேக் பிடிச்சிடும், தொங்கவிட்டால் றோட்டிலை தேஞ்சுபோகும்.

ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? இவ்வளவு தெரிஞ்சவன் எப்பிடி மறந்தவன் எண்டுதானே? பொலிஸ்காரனும் உதே பார்வைதான் பார்த்தவன். மறதி தம்பி. மனிசனுக்கு மறதி வராதோ? கம்பியைக் கொழுவ மறந்துபோனன் எண்டு கையெழுத்தும் வைச்சுக் குடுத்திட்டன். நீர் அதை வாசிச்சுப்போட்டுத்தானே வந்தனீர்? பிறகென்ன கேள்வி?

நடந்ததைச் சொல்லவோ. விடிய எட்டு மணி இருக்கும். டொத்தோரேயின்ரை பெரிய வீடு, வில்லா, மொன்றியாலே எண்ட ஊருக்குப் போற ஏத்தத்திலை இருக்குது, கேற்றாலை வெளிக்கிட்டால் உடனை இறக்கம். றோட்டிலை ஒரு மேடு. டொத்தோரே ஓட்டின கார் அதிலை ஏறி இறங்கினது, படார் எண்டு ஒரு சத்தம். நான் படியிலை நிண்டனான். பாத்தால் கார் ஒரு பக்கம் போகுது, ரூலோத்தே இன்னொரு பக்கம் போகுது. அங்காலை மதிலோரம் ஜெரார் முதுகைக் காட்டிக்கொண்டு சருகு கூட்டிக்கொண்டு நிண்டவன்.

உமக்கு ஜெராரைத் தெரியாது. கேஸிலை இருக்கிற பெயர்தான் தெரியும். மொரிசியஸ்காரன், பக்கத்து வில்லாவிலை தோட்ட வேலை. முப்பாட்டன் தமிழனாம். ஆனால் அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் முருகனும் கறிவேப்பிலையும்தான். நாங்கள் இத்தாலியனிலைதான் கதைக்கிறது, மதிலுக்கு மேலாலை. தைப்பூசத்துக்கு அவன்ரை மனிசி மர்லேன் கடுதாசித் தட்டிலை ஏழு கறி போட்டு எனக்குத் தந்துவிடுவா. இஞ்சை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு இருத்திச் சாப்பாடு போட்ட முதல் ஆக்கள் அவையள்.

நான் கத்தினன். அவன் திரும்பினான். அவ்வளவுதான். மதிலுக்கும் ரூலோத்தேக்கும் இடையிலை இடுப்போடை நசிஞ்சு நிண்டான். நானும் டொத்தோரேயும் சேர்ந்து தள்ளிறம், அது அசையுதில்லை. ஜெரார் கத்தேல்லை. செருப்பொண்டைக் காணேல்லை, எடுத்துத் தா எண்டு என்னட்டைக் கேக்கிறான். நான் செருப்பைத் தேடினன் தம்பி. ஆள் அங்கை நசிஞ்சு நிக்க, நான் குனிஞ்சு செருப்புத் தேடினன்.

ஆஸ்பத்திரிக்கோ? போனனான். ரசம் வைச்சுக் கொண்டுபோனனான். மர்லேன் வாசல்லை நிண்டவ, கையை நீட்டேல்லை. உள்ளுக்கிருந்து அவன்தான் விடச் சொன்னவன். என்னைக் கனநேரம் பார்த்துப்போட்டுக் கேட்டான், விக்னா, அஞ்சு வருசமா மதிலுக்கு மேலாலை உன்னைப் பாக்கிறன், எல்லாத்தையும் ரெண்டுதரம் ஆட்டிப் பாக்கிறவன் நீ, எப்பிடி மறந்தனி எண்டு. நான் யன்னலைப் பார்த்தன். இப்ப ஊண்டுகோலோடை நடக்கிறானாம். ஒரு கால் மடங்காதாம். நான் பிறகு போகேல்லை.

என்னது? திருப்பிச் சொல்லும். ஏழரைக்குக் கார் தனிய வெளியிலை போனதோ? ஆர் கண்டது? பாண் கடைக்காரியோ? வக்கீலிட்டைச் சொன்னவவோ, இல்லை நீர் சும்மா கொழுவிப் பாக்கிறீரோ?

காஸ் சிலிண்டர் வாங்கினதையும் சொன்னவவோ.

கொஞ்சம் பொறும். அந்த மனிசன் அங்காலை போகட்டும்.

இதை இப்ப எங்கையும் சொல்லக்கூடாது. சொன்னீரெண்டால் நான் சொல்லவே இல்லை எண்டுதான் சொல்லுவன். ஏழு மணிக்கே நான் எல்லாம் கொழுவிப்போட்டன். கிளிப்பை ஓட்டைக்குள்ளை போட்டுப் பூட்டி, ரெண்டுதரம் இழுத்தும் பாத்தனான். பிறகு டொத்தோரே காஸ் வாங்க மறந்துபோச்செண்டு எல்லாத்தையும் கழட்டிக் காரைக் கொண்டுபோனவர். வந்து தானே கொழுவினவர். அவசரத்திலை மூக்கை வடிவா அமத்தேல்லை, கம்பியையும் கழுத்திலை மாலையாப் போட்டுவிட்டார். நான் படியிலை நிண்டு கண்டனான். டொத்தோரே, கம்பி எண்டு சொன்னனான். தெரியும், தெரியும் எண்டு கையைக் காட்டினவர். நான் ரெண்டாந்தரம் சொல்லேல்லை. எல்லாத்தையும் ரெண்டுதரம் செய்யிறவன், அதை மட்டும் ஒருதரம் சொல்லிப்போட்டு நிண்டன். அவரிட்டை நான் எதையும் ரெண்டாந்தரம் சொன்னது கிடையாது.

அண்டைக்குப் பின்னேரம் தன்ரை அறைக்குக் கூப்பிட்டவர். மேசையிலை ரெண்டு கடுதாசி. ஒண்டு நான் மறந்துபோனன் எண்டது. மற்றது என்ரை மனிசி ஞானம்பிகையையும் பிள்ளையையும் கூப்பிடப் பொலிஸ் கந்தோரிலை, குவெஸ்தூராவிலை, குடுக்கிற வீட்டுக் கடுதாசி. நான் இருக்கிற சீசா வீடு அவரின்ரை வீடு தம்பி, அவர் கையெழுத்து இல்லாமல் ஒண்டும் நடக்காது. ரெண்டு வருசமா இண்டைக்கு நாளைக்கு எண்டவர், அண்டைக்கு எடுத்து வைச்சிருந்தார். இதுக்கு அது எண்டு அவர் வாயாலை சொல்லேல்லை. முதல்லை நான் வைச்சன், பிறகு அவர் வைச்சார்.

இண்டைக்கு வியாழன். சனிக்கிழமை மத்தியானம் மனிசியும் பிள்ளையும் ரோமிலை இறங்குவினம். நான் கொழும்பிலை பிளேன் ஏறேக்கை பிள்ளை வயித்திலை. இப்ப ஆறு வயசு, பிரசாந்தினி.

அவையள் வந்தாப்பிறகு, திங்கக்கிழமை வாரும். ஏழு மணியையும், காஸையும், மாலையையும் இத்தாலியனிலை எழுதிக் கொண்டு வாரும், கையெழுத்து வைக்கிறன். வில்லாவுக்கும் வராதையும், சீசாவுக்கும் வராதையும், நான் அங்கை இருக்கமாட்டன். ஸ்தாசியோனேக்குப் பின்னாலை அகஸ்ரின் எண்டு ஒருத்தர் இருக்கிறார், அவரின்ரை வீட்டிலை ஒரு அறை கேட்டு வைச்சிருக்கிறன். பத்து மணிக்குப் பிறகு வாரும். விடிய நான் ஜெராரிட்டைப் போகவேணும்.