வாசலில் வகுப்பெடுத்த வழிகாட்டிக்கு

வந்த பிள்ளைகளை வாயார வரவேற்று, ஓயாத கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் விடை சொன்ன பெருந்தகையே! பள்ளிப் பேருந்தின் ஓசை கேட்டதும் பாதி குடித்த தேநீரைப் பலகையில் வைத்துவிட்டுப் படியிறங்கும் பரிவின் திருவுருவே! எங்கள் கோயிலின் பள்ளி வருகைப் பிரிவைத் தொடங்கி, தாங்கி, தழைக்கச் செய்து, இன்று பணிநிறைவு காணும் அன்பு அம்மையாரே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "போதும் போதும், சாப்பாடு ஆறுது" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே தங்களை மாலையோடு மேடையில் அமர்த்திவிட்டு, தங்கள் கதையை அவையோர்க்கே சொல்கிறோம். குறுக்கே பேசாமல் கேட்டருள்க!

அவையோரே! இந்த அம்மையார் இங்கே வேலைக்குச் சேர்ந்தது அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கத்தான். ஒருநாள் ஒரு பள்ளி ஆசிரியை அழைத்தார். வகுப்பில் பல சமயங்களைப் பற்றிப் பாடம் நடக்கிறது, பிள்ளைகளுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்திருக்க வேண்டியவர், "தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டார்.

"யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க?" என்று மேலாளர் கொதித்தார்.

"வராதீங்கன்னு சொல்றதுக்கு யாரைக் கேக்கணும்னு தெரியல சார். அதான் வாங்கன்னுட்டேன்."

அன்று திறந்த கதவு பிறகு மூடவே இல்லை. பள்ளி பள்ளியாகப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வந்தார்கள், எச்சமயமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். "கண்ணுங்களா, முதல்ல செருப்பு!" என்பதே அம்மையாரின் முதல் வாசகம் என்பதால், ஊர்ப் பிள்ளைகள் வாயில் அவர் 'செருப்பக்கா' ஆனார். பட்டம் கொடுத்தவர்களிடம் கோபிக்காமல், கூப்பிட்ட குரலுக்கெல்லாம் திரும்பிப் பார்த்தார்.

ஒரு சுட்டிப்பெண், "சாமிக்கு இத்தனை கை இருந்தா சட்டை எப்படிப் போடும்?" என்று கேட்டாள். ஆசிரியர் அதட்ட வாயெடுப்பதற்குள் அம்மையார், "நல்ல கேள்வி. எங்க வீட்டுக்காரர் தையல்காரர்தான், கேட்டுச் சொல்றேன்" என்றார். கேட்டும் சொன்னார்: பக்கவாட்டில் பொத்தான் வைக்க வேண்டுமாம்! இதோ முன்வரிசையில் நாணிக் கோணி அமர்ந்திருப்பவரே அந்தத் தையல் வல்லுநர்.

இத்தனை இனிமைக்கு நடுவே இடியாய் இறங்கிய நாளும் ஒன்று உண்டு. ஒரு வகுப்பே காலணி கழற்றி வரிசையில் நிற்க, ஒரு சிறுமி மட்டும் வாசற்படியை விட்டு நகரவில்லை. கண்களில் நீர் முட்டி நின்றது.

"இது பாடம்மா, சாமி கும்பிடச் சொல்லல. எல்லாரும் போறாங்கல்ல, நீ மட்டும் என்ன?" என்று ஆசிரியை கையைப் பிடித்தார்.

"உள்ள போக மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன் டீச்சர்."

அம்மையார் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "அப்பாவுக்குக் குடுத்த வாக்கா கண்ணு?"

"ஆமா."

"அப்போ வராத." நிமிர்ந்து ஆசிரியையிடம் சொன்னார்: "குடுத்த வாக்கை உடைச்சுட்டு உள்ள வர்ற புள்ளைக்கு நான் என்னத்த டீச்சர் சொல்லிக் குடுக்கிறது?"

மற்ற பிள்ளைகளை நம் கோயிலில் பூக்கட்டும் அண்ணனிடம் ஒப்படைத்தார். அண்ணனோ நாலு பேர் முன் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள். பேச வராததால் பிள்ளைகளுக்குப் பூக்கட்டக் கற்றுக்கொடுத்தார். எல்லோரும் விரலில் நாரோடும் முகத்தில் சிரிப்போடும் வெளியே வந்தார்கள்.

அதுவரை அம்மையார் படியில் அந்தச் சிறுமியின் பக்கத்திலேயே அமர்ந்து, அங்கிருந்து தெரியும் கோபுரத்துச் சிற்பங்களைக் கதை கதையாய்ச் சொன்னார். பிறகு, "உங்க வழிபாட்டு இடத்துல செருப்பை எங்க விடுவீங்க?" என்று தன் தொழில் சந்தேகத்தையும் கேட்டார். "அதுக்குன்னு அலமாரி இருக்கே!" என்றாள் அவள். நம் வாசலில் இன்று நிற்கும் காலணி அலமாரி அவள் சொன்ன யோசனைதான்.

ஆனால் செய்தி பள்ளிக்குப் போய், காதும் மூக்கும் வைத்து வளர்ந்தது. ஒரு பிள்ளையை வாசலோடு நிறுத்தி அவமதித்தார்கள் என்றார் ஒருவர். கோயிலுக்கே கூட்டிப்போகக் கூடாது என்றார் இன்னொருவர். பெற்றோர் கூட்டம் கூடி முடிவெடுக்கும்வரை வருகைகளை நிறுத்திவைத்தது பள்ளி. மற்ற பள்ளிகளும் தயங்கின. "விருந்தாளியைக் கூப்பிட்டு வாசல்ல உக்கார வெச்சா பேச்சு வராம என்ன செய்யும்?" என்று கடிந்தார் நம் நிர்வாகத் தலைவர். அம்மையார் பேருந்து வராத முற்றத்தைப் பார்த்தபடி, ஒழுங்காக இருந்த பாய்களையே மீண்டும் மீண்டும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சிறுமியின் தந்தை வந்தார். உயர்ந்த உருவம், உரத்த குரல். படிக்கு வெளியே நின்று, "செருப்பக்கான்றது யாரு?" என்றார். காவலர் கைத்தடியைத் தேடினார். அம்மையார் தனியே இறங்கிப் போனார்.

"என் பொண்ணை நீங்க உள்ள கூட்டிட்டுப் போகலையாமே?"

"இல்லைங்க. உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னு சொன்னா."

"வீட்டுல வந்து சொன்னா, நான் நம்பல. பெரியவங்க அதட்டினா சின்னப் புள்ள என்ன செய்யும், போயிருப்பான்னு நெனச்சு அவளைத் திட்டிட்டேன். அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவ போகலைங்க. முதல்ல வீட்டுக்குப் போய் அவளைச் சமாதானம் பண்ணுங்க" என்றார் அம்மையார்.

தந்தை வீட்டுக்கும் போனார், பெற்றோர் கூட்டத்துக்கும் போனார். அங்கே எழுந்து நின்று சொன்னாராம்: "என் பொண்ணு உள்ள போக மாட்டா. அது எங்க வீட்டு முடிவு. அதுக்காகப் போற புள்ளைங்களை நிறுத்தாதீங்க. அந்தம்மாவை நம்பி யாரை வேணும்னாலும் அனுப்பலாம்."

அடுத்த வாரமே பேருந்து வந்தது. கடிந்த தலைவரே கைக்காசு போட்டு வாசலில் நிழற்பந்தலும் பலகைகளும் அமைத்தார். அன்று முதல் பாடத்தில் பாதி எல்லோருக்கும் வாசலில், மீதி உள்ளே. வர விரும்பும் பிள்ளை வரும். விரும்பாத பிள்ளை நிழலில் அமரும், ஏன் என்று எவரும் கேட்பதில்லை. நம்மைப் பார்த்து மற்ற வழிபாட்டிடங்களும் இதே ஏற்பாட்டைச் செய்திருக்கின்றன என்பது நமக்கெல்லாம் பெருமை!

அம்மையாரே! இனித் தங்களிடமே பேசுகிறோம். இத்தனை ஆண்டுகளில் தாங்கள் கருவறை முன் எத்தனையோ முறை நின்றிருக்கிறீர்கள். ஒருமுறைகூடக் கண்மூடி நின்று நாங்கள் கண்டதில்லை. ஒரு கண் விளக்கருகே ஓடும் பிள்ளை மேல், மறு கண் தூணைச் சுற்றும் பிள்ளை மேல்! நோயின்றி, குறையின்றி, தையல்காரர் துணையோடு நெடுங்காலம் வாழ்க! நாளைக் காலை வாருங்கள். வந்து, கண்ணை மூடிக்கொண்டு, வேண்டுமட்டும் நில்லுங்கள்.

பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தங்கள் அன்பை என்றும் மறவாத,
அர்ச்சகர்கள், அலுவலகத்தார், சமையற்கூடத்தார், காவலர், துப்புரவாளர்,
மற்றும் இன்றும் மேடையேறிப் பேச மறுத்துவிட்ட பூக்கட்டும் அண்ணன்