கழுதைப்புலியிடம் படிக்க ஒரு வருடம்

கிரான்பர்ன் போகும் ரயிலில் கிளேட்டன் நிலையத்தில் ஏறிய அம்மாவும் மகளும் என் எதிரே அமர்ந்தார்கள். ஆராய்ச்சிக்காக மகள் கென்யா போக வேண்டும். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

“கழுதைப்புலியைப் பாக்கவோ ஒரு வருஷம்?”

“குட்டியள் எப்பிடி வளருது எண்டு பாக்கவேணும் அம்மா. அதுகளுக்குள்ள பொம்பிளையள்தான் பெரியாக்கள். தாய்க்கு இருக்கிற மதிப்புத்தான் மகளுக்கும்.”

“அப்ப ஆம்பிளையள்?”

“வளந்த உடன வேற கூட்டத்துக்குப் போயிடுவினம். அங்க சாப்பாடும் கடைசியாத்தான் கிடைக்கும்.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“மகள்மார்?”

“அவையள் கடைசிவரைக்கும் தாயோடதான் இருப்பினம்.”

அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

“சரி பிள்ளை, போ. போய் அந்தக் கடைசிப் பாடத்தை வடிவாப் படிச்சுக்கொண்டு வா.”