ஒரு மூச்சு

அவள்: இல்ல, அந்த மூலை இல்ல. இடது கை மூலை.

நான்: இதுதான் இடது கை.

அவள்: அது உங்க இடது. நான் கேக்குறது பெட்ஷீட்டோட இடது.

நான்: பெட்ஷீட்டுக்கு ஏதுடி கை?

அவள்: ஊர் உலகத்துப் பிழையெல்லாம் திருத்துறீங்க... அச்சாபீசுல உக்காந்து ஒரு ஒத்தெழுத்து விட்டுப்போனாக் கண்டுபிடிக்கிறீங்க... நாலே நாலு மூலை, அது மட்டும் பிடிபட மாட்டேங்குது.

நான்: எழுத்து அசையாம நிக்கும். இது காத்துல பறக்குது.

அவள்: பேசாமப் பிடிங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. சொல்றேன்... உதறு.

நான்: உதறியாச்சு.

அவள்: இழு.

நான்: ம்.

அவள்: மடி... ஏய், எங்க வர்றீங்க?

நான்: மடிச்சாச்சே.

அவள்: நான் 'வா'ன்னு சொன்னேனா?

நான்: சொல்லத்தானே போற.

அவள்: சொல்றதுக்கு முன்னாடி வந்தா துணி தொங்கும். தரையில பட்டா திரும்பத் துவைக்கணும். மடிச்சதும் ஒரு மூச்சு நிக்கணும். மூலை பார்க்கணும். அப்புறந்தான் 'வா'.

நான்: கட்டின புருஷனை 'வா'ங்கிற. நாளைக்கு 'போ'ம்ப.

அவள்: 'போ' நான் சொன்னதே இல்ல.

நான்: மத்த நேரத்துல 'வாங்க', 'உக்காருங்க', 'சாப்பிடுங்க'. பெட்ஷீட்டைப் பிடிச்சுட்டா மட்டும் மரியாதை பறந்துடுது.

அவள்: மடிக்கிற இடத்துல மரியாதை பார்த்தா கை பின்னிக்கும். எங்க ஆஸ்பத்திரி லாண்டரிக்கு ஒரு தடவை பெரிய டாக்டரே வந்தாரு. விளையாட்டா மறுமுனையைப் பிடிச்சாரு. அவரையும் 'வா'ன்னுதான் சொன்னோம்.

நான்: வந்தாரா?

அவள்: உங்களை மாதிரிதான். சொல்றதுக்கு முன்னாடியே வந்தாரு.

நான்: ... கை எப்படி இருக்கு?

அவள்: எந்தக் கை?

நான்: தெரியாத மாதிரிக் கேக்காத. வலது தோளு.

அவள்: இருக்கு. எங்க போயிடும்?

நான்: ஆறு வருஷமா இதையே சொல்ற. அங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை...

அவள்: சத்தியம் பண்ணியிருக்கீங்க. தோளுக்கு மேல கை சரளமாப் போகலைன்னா மடிக்கிற மேஜையில நிக்க முடியாது. அது அங்க சட்டம். யாருக்கும் தெரியாது, தெரியவும் வேணாம். பிடிங்க. உதறு... இழு... மடி...

நான்: ...

அவள்: ... வா.

நான்: வந்துட்டேன்.

அவள்: ஐயோ, இப்ப மூலை மாறிப்போச்சு! உங்களுக்கு இந்த ஜென்மத்துல வராது.

நான்: இன்னொரு தடவை சொல்லேன்.

அவள்: பஸ்ஸை விட்டுடுவேன். அப்படியே கட்டில்ல போடுங்க, சாயங்காலம் வந்து பார்த்துக்கலாம்.

* * *

தராசக்கா: வாங்கண்ணே. லாண்டரியில இருந்து போட்ட லெட்டர் கிடைச்சுதா? லாக்கர் சாவி கொண்டாந்தீங்களா?

நான்: இருக்கு. அவ கைப்பையிலேயே இருந்துச்சு. ஆறு வாரமாச்சு... நான்தான் வரல.

தராசக்கா: என்னைத் தெரிஞ்சிருக்காது. வாசல்ல உக்காந்து அழுக்குத் துணி எடை போடுறவ...

நான்: தராசக்கா.

தராசக்கா: அட, சொல்லியிருக்காளா!

நான்: ஈரத்துண்டைக் கையில வாங்கியே எடை சொல்லிடுவீங்கன்னு சொல்லுவா.

தராசக்கா: ஆளைப் பார்த்தும் சொல்லுவேன். சாவுக்கு வந்தப்பப் பார்த்ததுக்கு, நீங்க இந்த ஆறு வாரத்துல நல்லா எளைச்சிருக்கீங்க. யாரு சமைக்கிறா?

நான்: ஏதோ நடக்குது... பஸ் ஸ்டாப்புல உக்காந்தாளாம். பஸ் வந்துச்சாம். எந்திரிக்கலையாம். அவ்வளவுதான் சொன்னாங்க.

தராசக்கா: தெரியும்ணே. அன்னைக்கு ஆறாம் மேஜையில மறுமுனைக்கு ஆள் இல்லாம ஒரு பெட்ஷீட் தொங்கிக்கிட்டே இருந்துச்சு. இந்தா வந்துருவா, இந்தா வந்துருவான்னு யாரும் அதைத் தொடல... வாங்க, லாக்கர் இந்தப் பக்கம். அந்த இஸ்திரி உருளைகிட்டப் போகாதீங்க, சூடு அடிக்கும்.

நான்: ... கொஞ்சம் இருங்க.

தராசக்கா: என்னண்ணே?

நான்: இவங்க ஏன் நிக்கிறாங்க?

தராசக்கா: யாரு?

நான்: எல்லாரும். அதோ, மடிச்சாங்க... நின்னாங்க... 'வா'ன்னாங்க. பக்கத்து மேஜை பாருங்க. மடி... நின்னுச்சு. அதுக்கு அடுத்தது. எட்டு மேஜையும் அப்படித்தான். மூச்சு கைமாறிக் கைமாறிப் போற மாதிரி...

தராசக்கா: அது எங்க பழக்கம்.

நான்: எல்லாரும் நிக்கிற அளவும் ஒண்ணா இருக்கே. கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல... அந்த மூணாம் மேஜையில, நெட்டையா ஒருத்தர், அவரு யாரு?

தராசக்கா: மலையா? புதுசு. லாரி ஓட்டிக்கிட்டு இருந்த ஆளு, முதுகு போச்சுன்னு இங்க வந்துட்டாரு. வந்து ஒரு மாசந்தான்.

நான்: ஒரு மாசமா? அப்ப அவளை...

தராசக்கா: பார்த்ததே இல்ல.

நான்: பார்த்ததே இல்ல. ஆனா நிக்கிறாரே.

தராசக்கா: மலை! ஒரு நிமிஷம் இப்படி வா.

மலை: வணக்கம் சார். என்னக்கா, மடிப்புல ஏதும் தப்பா?

நான்: தப்பில்ல. மடிச்சதும் ஒரு மூச்சு நிக்கிறீங்களே, ஏன்?

மலை: நிக்கிறேனா?

தராசக்கா: நிக்கிற, நிக்கிற. சொல்லு.

மலை: அட, ஆமால்ல... தெரியல சார். எல்லாரும் நிக்கிறாங்க, நானும் நிக்கிறேன்.

நான்: யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?

மலை: இங்க யாரு சார் சொல்லிக் குடுக்கிறா? வந்ததும் தலகாணி உறையைக் குடுத்து ஓரமா உக்கார வச்சாங்க. பதினாறு சக்கர வண்டி ஓட்டினவனுக்குத் தலகாணி உறையான்னு ரோசம் வந்துச்சு. ஆனா கை உறையை மடிச்சாலும் கண்ணு இவங்க மேலதான் இருக்கும். அப்புறம் துண்டு. அப்புறம் ஒரு நாள் ஆள் குறைஞ்சுது. 'மறுமுனையைப் பிடி'ன்னாங்க, பிடிச்சேன். எதிர்ல இருக்கிறவங்க இழுக்கிற இழுப்புலேயே தெரிஞ்சுபோச்சு, எப்ப நிக்கணும், எப்ப நடக்கணும்னு.

நான்: ஏன்னு கேக்கத் தோணலையா?

மலை: கேட்டேனே! ரெண்டாம் மேஜையில 'துணி சூடு ஆறத்தான்'னாங்க. நாலாம் மேஜையில 'உருளை மூச்சு வாங்குற நேரம்'னாங்க. ஏழாம் மேஜைக்கார அம்மா, 'எங்க தாத்தா காலத்துல இருந்தே அப்படித்தான், பேசாம மடி'ன்னாங்க.

தராசக்கா: இந்தக் கட்டடத்துக்கே பதினோரு வயசுதான் ஆவுது. அவ தாத்தா எங்க வந்து மடிச்சாரு?

மலை: நானா ஒண்ணு நினைச்சுக்கிட்டேன் சார். மூலை பார்க்கத்தான் நிக்கிறோம்னு.

நான்: ... மூலையா? அதை யாரு சொன்னா?

மலை: யாரும் சொல்லல. அந்த ஒரு மூச்சு நின்னா கண்ணு தானா மூலைக்குப் போகுது. கோணலா இருந்தா அப்பத்தான் தெரியுது... ஏன் சார் ஒரு மாதிரிப் பார்க்கிறீங்க?

நான்: ஒண்ணுமில்ல. நீங்க போங்க.

மலை: என்னமோ சார், நாள் முழுக்க உருளை ஓடுற ஓட்டத்துக்கு நாம ஓடுறோம். அந்த ஒரு மூச்சு மட்டுந்தான் நம்மளுது. வர்றேன்க்கா.

தராசக்கா: லாக்கரைத் திறங்கண்ணே.

நான்: நான் பிழை திருத்துறவன். வேண்டாத இடத்துல ஒரு காற்புள்ளி இருந்தா கண்ணுல குத்தும். ஒரு பக்கத்துல இருந்தா பிழைன்னு அடிச்சுடலாம். புஸ்தகம் முழுக்க இருந்தா அடிக்க முடியாது. எழுதினவங்க வேணும்னே வச்சதுன்னு அர்த்தம்.

தராசக்கா: எனக்குப் புஸ்தகம் தெரியாது. திறங்க.

நான்: இது சூடு ஆற இல்ல தராசக்கா. மூலை பார்க்கவும் இல்ல. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். வாங்கினவளே போயிட்டா... ஆறு வருஷத்துக்கு முன்னாடி மாடிப்படியில விழுந்தாள்ல. பத்து நாள் லீவு போட்டாளே.

தராசக்கா: ம்.

நான்: கால் சுளுக்குன்னு சொன்னா. கால் இல்ல, வலது தோளு. கையைத் தூக்கிட்டா சட்டுனு இறக்க வராது. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு மூச்சு நிப்பா. வீட்டுல தினம் பார்ப்பேன். அந்த மூச்சுதான் இது. அதே அளவு. எட்டு மேஜையிலயும் அவ தோள்வலி நின்னுக்கிட்டிருக்கு... அவளைப் பார்க்காதவர் கையில கூட.

தராசக்கா: அண்ணே, லாக்கரு...

நான்: வேலை போயிடும்னு வாயைத் திறக்கல. நானும் திறக்கல. இத்தனை பேருக்கு நடுவுல ஆறு வருஷம் ஒத்தையா வலியைத் தாங்கியிருக்கா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாராவது அவளுக்குத் துணைக்கு இருந்திருப்பாங்க. அதுதான் என்னைத் தின்னுது. செத்தது கூட இல்ல. அவ ஒத்தையா இருந்தாளேங்கிறது...

தராசக்கா: திறக்கப் போறீங்களா, இல்ல நான் சாவியைப் பிடுங்கட்டுமா?

நான்: ... திறக்கிறேன்.

தராசக்கா: என்ன இருக்கு?

நான்: செருப்பு. சீப்பு. ஒரு துண்டு... தைலம். இன்னொண்ணு. இது மூணாவது... இது எங்க வீட்டுத் தைலம் இல்லையே. நான் வாங்குறது பச்சை மூடி. இதெல்லாம் சிவப்பு.

தராசக்கா: கதவுக்கு மேல ஒரு இடுக்கு இருக்கு பாருங்க. கை நுழையாது. தைல டப்பா நுழையும்.

நான்: யாரு போட்டது?

தராசக்கா: ஒண்ணு நான் போட்டேன். மத்ததெல்லாம் யாருன்னு எனக்குத் தெரியாது. தீரத் தீர இருக்கும்.

நான்: அப்ப... உங்களுக்கு...

தராசக்கா: ஆளைப் பார்த்து எடை சொல்றவண்ணே நான். ஒருத்திக்குக் கை கனக்கிறது தெரியாதா? லீவு முடிஞ்சு வந்த முதல் நாளு, ஆறாம் மேஜையில ஆள் இல்லன்னு தராசை விட்டுட்டு நான்தான் மறுமுனையைப் பிடிச்சேன். மடிச்சா. நின்னா. மூஞ்சி வெளுத்துப்போச்சு. நான் பார்க்கிறதைப் பார்த்துட்டு, 'மூலை பார்க்கிறேன்'னா.

நான்: நீங்க என்ன சொன்னீங்க?

தராசக்கா: 'ஆமா, பார்க்கணும்'னேன். நானும் நின்னேன். பக்கத்து மேஜை எங்களைப் பார்த்துச்சு. மத்தியானத்துக்கு மேல அதுவும் நின்னுச்சு. வாரம் முடியறதுக்குள்ள எட்டு மேஜையும் நின்னுச்சு.

நான்: எல்லாரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?

தராசக்கா: ஒரு வார்த்தை பேசல. சத்தியமாச் சொல்றேன், இப்ப உங்ககிட்டதான் முதல் தடவையா வாய்விட்டுச் சொல்றேன். பேசினா அவ காதுக்குப் போயிடும்ல. அவ ஒருத்தி மட்டும் நின்னா 'இவ மெத்தனம்'னு சூப்பர்வைசர் கண்ணுல படும். எல்லாரும் நின்னா அது வேலையோட முறை.

நான்: அவரு விட்டாரா?

தராசக்கா: கடிகாரத்தோட வந்தாரு. மேஜை மேஜையா நின்னு பார்த்தாரு. எல்லாம் ஒரே அளவு. யாரைன்னு திட்டுவாரு? கோணல் மடிப்பு குறைஞ்சிருக்குன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அப்புறம் பாதிப் பேருக்கு ஏன் நிக்கிறோம்னே மறந்துபோச்சு. பாதிப் பேரு புதுசா வந்தவங்க. நின்னவங்க எதிர்ல நின்னாங்க, அவ்வளவுதான்.

நான்: அவளுக்குத் தெரியுமா? நீங்கெல்லாம் தெரிஞ்சுதான் நிக்கிறீங்கன்னு?

தராசக்கா: ஆறு வருஷத்துல ஒரு நாளாவது, 'இந்தத் தைலத்தை யாருடி போட்டது'ன்னு கேட்டிருப்பாளா? கேக்கலையே... கண்ணைத் தொடைங்க. இங்க பாருங்க, ஆறாம் மேஜையில இன்னைக்கும் ஆள் குறைச்சல். இந்த முனையைப் பிடிங்க.

நான்: நானா?

தராசக்கா: உங்களுக்கு மடிக்கவே வராதுன்னு தினம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. பதினோரு வருஷமா மூலை தெரியாத மனுஷன்னுவா. பரவால்ல, கோணினா நான் பார்த்துக்கிறேன். உதறு.

நான்: ம்.

தராசக்கா: இழு.

நான்: ம்.

தராசக்கா: மடி.

நான்: ...

தராசக்கா: ... வா.

நான்: வந்துட்டேன்.

தராசக்கா: ... அண்ணே, நாலு மூலையும் கச்சிதமா இருக்கு. ஒரு நூல் பிசகல. நிக்க வேண்டிய இடத்துல நின்னீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?

நான்: அவ எதிர்லதான். மடிப்பு, அவ இங்க வேலைக்குச் சேர்ந்த வருஷமே கைக்கு வந்துடுச்சு. தப்பாப் பிடிச்சாத்தான் இன்னொரு தடவை 'வா'ன்னு சொல்லுவா... அதனால தினம் தப்பாப் பிடிப்பேன். அன்னைக்கும் அப்படித்தான் பிடிச்சேன். நேரமாச்சுன்னு விட்டுட்டுப் போயிட்டா. அந்தப் பெட்ஷீட் இன்னும் பாதி மடிப்புல கட்டில் மேலதான் கிடக்கு.