உமிச்சாம்பலைத் தள்ளிய கை

மண்ணச்சநல்லூருக்கு மதிப்பு சேர்க்கும் மாண்பாளர், அரிசி ஆலை உரிமையாளர், தலைவர் அப்துல் சலாம் அவர்களே, திருச்சியிலிருந்தும் திருவரங்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் மழலையும் மனதில் ஆயிரம் வேலையுமாய் அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! இவ்வூர்ப் பிரசவ விடுதியின் தாதி லூர்து மேரி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

ஐந்தாண்டுகளுக்கு முன்பு, ஐம்பத்தேழில், இங்கே வந்தவுடன் பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். பிறந்த பிள்ளைகள் உண்டு. இறந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. எவ்வளவு நல்ல ஊர் என்று மகிழ்ந்து போனேன். பிறகல்லவா புரிந்தது? பெயர் வைக்கும் முன்னே போன பிள்ளையை இங்கே யாரும் எழுதச் சொல்வதில்லை. எழுதாததால் எண்ணவில்லை, எண்ணாததால் ஏன் என்று கேட்கவில்லை.

நான் கேட்டேன். யாரிடம்? நாற்பது ஆண்டுகளாய் இவ்வூர்ப் பிள்ளைகளைக் கையில் ஏந்திய மருத்துவச்சி காளியாயியிடம். அவர் தெருத் தெருவாக வீடு சொன்னார். மூன்றே ஆண்டுகளில் முப்பத்தொரு பிள்ளைகள். அதில் பத்தொன்பது எட்டாம் நாள் ஜன்னி. வாய் கிட்டிக்கும், பால் இறங்காது, பச்சை உடம்பு விறைக்கும், அதோடு சரி.

யார் செய்த குற்றம்? பேயா? கண்ணேறா? பெற்றவள் தலைவிதியா? இல்லை தாய்மார்களே, தொப்புளில் வைத்த உமிச்சாம்பல். தலைவர் நெளிகிறார். ஆமாங்க, உங்கள் ஆலைச் சாம்பல்தான். நெருப்பில் வெந்ததை விடச் சுத்தம் உண்டா என்று ஊரே நம்பியது. வெந்தபோது சுத்தம்தான். ஆனால் கொட்டி வைத்தது எங்கே? வண்டி மாடு கட்டும் முற்றத்தில். சாணியிலும் மண்ணிலும் கிடந்த கிருமி சாம்பலில் ஏறி, அறுத்த கொடி வழியே பிள்ளைக்குள் இறங்கியது.

இதைச் சொன்னதும் காளியாயி கேட்டார்: “அப்படின்னா அத்தனையும் என் கையாலதான் போச்சா, சிஸ்டர்?” எனக்கு அழுகைதான் வந்தது. அவர் அழவில்லை. “என்ன செய்யணும்னு சொல்லிக் குடுங்க” என்றார்.

பின்னால் கேட்கவில்லையா? இதோ, மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.

மயிலம்மாளே சொல்லச் சொன்னதால் இதைச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகளை எட்டாம் நாளில் பறிகொடுத்தவர் அவர். சென்ற தையில் நான்காவது பிரசவம். கணவர் அழகிரி ஆலை வண்டிக்காரர். வழக்கம்போல் முறத்தில் சாம்பலோடு வந்து நின்றார். காளியாயி அதைத் தள்ளிவிட்டார்.

“மூணு புள்ளைக்கும் இதைத்தானே வச்ச, ஆத்தா? இப்ப மட்டும் ஏன் வேணாங்கிற?”

“மூணுக்கும் வச்சேன். அதனாலதாம்ப்பா வேணாங்கிறேன்.”

தெருவே கேட்க அதைச் சொன்னாரே, அந்த நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வரும்? சோப்புப் போட்டுக் கழுவிய கை, கொதிக்க வைத்த பிளேடு, கொதிக்க வைத்த நூல். தொப்புளில் வேறெதுவும் வைக்கவில்லை. எட்டாம் நாள் விடியலிலேயே காளியாயி வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பிள்ளை பாலுக்கு வீறிட்டு அழுத பிறகுதான் எழுந்தார்.

பெருமையோடு சொல்கிறேன்: இந்த ஓராண்டில் நாற்பத்தெட்டுப் பிரசவங்கள், எட்டாம் நாள் ஜன்னி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இரண்டு பிள்ளைகளை இழந்தோம். ஒன்றின் தாய்க்கு வயது பதினைந்து, உடம்பில் ரத்தமே இல்லை. மற்றொன்று, இரண்டு நாள் வலி கண்டும் வண்டி பூட்டாமல் வீட்டில் வைத்திருந்ததால் போனது. ஆகவே கேட்கிறேன்: பெண்ணுக்குப் பதினெட்டு நிறையட்டும். பிள்ளைத்தாய்ச்சி வயிறார உண்ணட்டும். வலி நீண்டால் உடனே வண்டியைப் பூட்டுங்கள். போன பிள்ளையையும் எழுதச் சொல்லுங்கள்.

எனக்கென்று ஒரு பொன்னாடை வைத்திருக்கிறார்களாம். அதற்குரியவர் அதோ, பந்தல் காலுக்குப் பின்னே மறைந்து நிற்கிறார். வாங்க, காளியாயி அம்மா. மயிலம்மா, பிள்ளையை அவர் கையில் குடுங்க.

அம்மா, அன்று நீங்கள் கேட்டதற்கு இன்று பதில் சொல்கிறேன். ஆமாம், உங்கள் கையால்தான். இந்தப் பிள்ளை பிழைத்ததும் அதே கையால்தான்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. அந்தக் கைக்கு என் வணக்கம்.