நான்கு கிரெடிட்டும் தங்கம்மாளும்

மேடம், வரகுக்கும் சாமைக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவனைத்தான் சிறுதானியக் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் அனுப்பினார்கள். என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பெயர் நவநீதன், பி.பி.ஏ. மூன்றாம் வருடம். கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் பாடத்திட்டத்தில், ஒரு கம்பெனியில் முப்பது நாள் வேலை பார்த்தால் நான்கு கிரெடிட். பரீட்சை கிடையாது. மூன்று பாடத்தில் அரியர் வைத்திருப்பவனுக்கு அது கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம். கெட்டிக்காரர்கள் ஓசூர்ப் பக்கம் பெரிய கம்பெனிகளுக்குப் போனார்கள். எனக்கு அரூரில் நிசார் அகமது பாயின் மாவு மில் கிடைத்தது. சித்தேரி மலையிலிருந்து பஸ்ஸில் சாமையும் தினையும் மூட்டையாக வரும். பாய் அரைத்து, கலந்து, பாக்கெட் போட்டு விற்பார். மொத்தம் நான்கு பேர் வேலை செய்தார்கள். நான் சேர்ந்ததும் நாலேகால்.

என் வழிகாட்டி சந்திரமோகன் சார். “போட்டோ ஒட்டிக் கொண்டு வந்துராத. நீ போனதால அங்க என்ன மாறுச்சுன்னு அளந்து காட்டு” என்றார். நான் போனதால் மாறியது ஒன்றுதான்: பதினோரு மணிக்கு டீ ஒரு கப் கூடுதலாக வந்தது. அதற்கு வரைபடம் போட முடியாது.

ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பாயிடம் கேட்டேன். “சுகரு குறையும்னு பாக்கெட்ல போட்டா நல்லா போகுங்க பாய்.”

“இது மாவு தம்பி. பசிக்குத் திங்கறது. மருந்துன்னு போட்டு நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னன்னு பதில் சொல்றது? வேணாம்” என்றார்.

சரிங்க என்றேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ‘சுகர் குறையும்’ ஸ்டிக்கரை அவருக்குத் தெரியாமல் வெளியே அடித்துக்கொண்டேன்.

பாக்கெட்டுக்குச் சீல் வைப்பவர் தங்கம்மாள். ஐம்பத்து நாலு வயது. பெண் காவேரி ஓசூரில் வேலை செய்வதால், மில்லுக்குப் பின்னால் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் ஊசி. எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை. என்னை முதலாளி என்று கூப்பிட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான், கிண்டலாகத்தான் என்றாலும்.

அவரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். இருபது நாள் இந்த மாவில் கஞ்சி, நான்கு நாளைக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பது, கடைசியில் ஒரு வீடியோ. அவருக்கு வீடியோதான் பிடித்திருந்தது.

“ஊசி போட்டுக்கலாங்களா சாமி?” என்று கேட்டார்.

நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, மேடம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசியும் போட்டு மாவும் குடித்தால் எது வேலை செய்தது என்று தெரியாது என்றுதான் சொன்னேன். அது ஆராய்ச்சி முறை. இரண்டாம் செமஸ்டரில் எனக்குப் புரிந்த ஒரே பாடம்.

அடுத்த நாளிலிருந்து அவர் ஊசி போடவில்லை.

சர்க்கரை பார்க்கும் மெஷின் எங்கள் அப்பாவுடையது. அவருக்கும் சர்க்கரைதான். அவரும் ஒரு பாக்கெட் கேட்டார். மாத்திரையை விடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் புராஜெக்ட்டில் இல்லையே.

முதல் நாள் 186. நான்காம் நாள் 274. இங்கே எனக்கு ஒரு சங்கடம். வரைபடத்தை முன்பே வரைந்து வைத்திருந்தேன். அதில் கோடு கீழே இறங்கியது. திரும்ப வரைய எனக்குச் சோம்பல். தங்கம்மாளுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல், மெஷினை என்னிடம் நீட்டி, “எவ்வளவு கண்ணு?” என்றார். “நூத்தி எழுவதுங்க” என்றேன். குரல் நடுங்கவில்லை. மேடையில் நான்கு வரி பேசுவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டும்.

எட்டாம் நாள் 391. நூற்று ஐம்பது என்றேன். பன்னிரண்டாம் நாள் 468. நூற்று முப்பத்தைந்து என்றேன். அவர் சந்தோஷத்தில் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். வாங்கித் தின்றேன். அதற்குள் அவர் நன்றாக இளைத்திருந்தார். ‘எடைக் குறைப்பு: கூடுதல் பலன்’ என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். அதையும் நல்ல பழக்கம் என்று எழுதினேன்.

இருபதாம் நாள் திரையில் எண் வரவில்லை. இங்கிலீஷில் ‘ஹாய்’ என்று இரண்டு எழுத்து வந்தது.

“என்ன சாமி சொல்லுது?”

“மிசினு உங்களுக்கு வணக்கம் சொல்லுதுங்க” என்றேன்.

வெகுநேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்ததாக எழுதலாம் என்று இருந்தேன். ஆனால் மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு வாங்கிய அன்றே அதைப் படித்துக் காட்டியவன் நான். அறுநூறுக்கு மேலே, உடனே மருத்துவரிடம் போகவும்.

மறுநாள் வீடியோ எடுத்தோம். சீல் வைக்கும் மேசைமேல் கையூன்றி நின்றார். நாக்கு குழறியதால் மூன்று டேக் ஆனது. எடுத்து முடித்த கொஞ்ச நேரத்தில் சரிந்து விழுந்தார். பாய்தான் தூக்கி ஆட்டோவில் போட்டார். தருமபுரிப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், “ஊசி ஒழுங்கா போட்டுட்டிருந்தாங்களா?” என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். “போட்டுட்டுத்தாங்க இருந்தாங்க” என்றேன். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

நிசார் பாயை நேற்றுக் கூட்டி வந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததே இல்லை. அவரை அனுப்பிவிடுங்கள். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் இன்டர்ன்ஷிப் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான் என்பது வேறு விஷயம்.

சடங்கு முடிந்த அன்று காவேரி போன் செய்தாள். “அண்ணா, அம்மாவ ஏதோ வீடியோ எடுத்தீங்களாமே. எங்கிட்ட அம்மா பேசுனது ஒண்ணுகூட இல்லீங்க. அனுப்பறீங்களா?” என்றாள்.

அதில் தங்கம்மாள், “இப்ப நான் நல்லா இருக்கறனுங்க” என்கிறார். அனுப்பினேன். அனுப்பும் முன் ஒரு காரியம் செய்தேன். கீழே ஓடிய மாவு விளம்பரத்தை மட்டும் எடுத்துவிட்டேன். தாயை இழந்த பெண் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாதா, மேடம்?